செல்போன் பூட்டிக்கொண்டால் செய்ய வேண்டுவது என்ன?

நம் கிராமங்களில் இன்று ஏர் இல்லாத குடியானவர் வீடு உண்டு. செல்போன் இல்லாத வீடு அரிது. முன்னாளில் பட்டாவையும் பத்திரத்தையும் தீர்வை ரசீதுகளையும் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வர். இன்று அப்பெட்டியின் வேலையில் பாதியைச் செல்போன் ஏற்றுக்கொண்டுவிட்டது. தமிழ்நாடு அரசு 2018ஆம் ஆண்டில் தொடங்கிய உழவன் செயலி அதில் இருக்கிறது. பி.எம். கிசான் உதவித்தொகைக்கான ஓ.டி.பி. எண் அதில்தான் வருகிறது. வங்கிக் கணக்கில் வரவு வைத்த செய்தியும் அதில்தான். ஊரக வேலைத் திட்டப் பணித்தளங்களில் வருகையைப் படமெடுத்துச் செல்போன் வழியே பதிவதும் 2023 ஜனவரி முதல் கட்டாயமாயிற்று. பொறுப்பாளர் ஒருவரின் போன் காலை வேளையில் திறக்காமற்போனால், மண்வெட்டியுடன் வந்து நிற்கும் குழு முழுவதன் வருகையும் பதிவாகாமல் நின்றுவிடக்கூடும் அல்லவா?

அத்தகைய போன் சில சமயங்களில் முதல்நாள் இரவு நன்றாக இருந்து, மறுநாள் காலையில் திறக்க மறுக்கிறது. அல்லது திறந்தும் சொன்னபடி கேட்பதில்லை. விசாரித்தால், இரவில் ‘அப்டேட்’ ஆயிற்று என்பார்கள். இந்நிலையில் வீட்டார் உடனே பக்கத்து டவுனிலுள்ள ரிப்பேர் கடைக்கு ஓடுகின்றனர். கடைக்காரர் இரண்டு பட்டன்களை அழுத்தி எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்துவிடுகிறார். பிறகு போன் வேறொரு பூட்டைக் காட்டி நிற்கிறது. போன் கெட்டுப்போவதால் வரும் நஷ்டத்தைக் காட்டிலும், கெட்டுவிட்டது என்று எண்ணி அவசரப்பட்டுச் செய்யும் வேலையால் வரும் நஷ்டமே பெரிது. ஆகவே, போனில் விழுந்திருப்பது எந்தப் பூட்டு என்று அறிந்துகொள்வதே முதல் வேலை.

அப்டேட் என்பது யாது?

செல்போனை இயக்கும் மென்பொருளை அதைத் தயாரித்த நிறுவனம் அவ்வப்போது திருத்தி அனுப்புகிறது. திருடர் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைப்பதே இத்திருத்தங்களின் முக்கிய நோக்கம். ஆகவே, அப்டேட்டே வேண்டாம் என்று நிறுத்திவைப்பது கூரை ஒழுகுவதைக் கண்டும் ஓடு மாற்றாமல் இருப்பதற்கு ஒப்பாகும். 2016ஆம் ஆண்டு முதல் ஆண்ட்ராய்டில் ஒரு நல்ல ஏற்பாடு வந்தது. போனில் மென்பொருளுக்கென இரண்டு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. ஒன்று வேலை செய்துகொண்டிருக்கையில் மற்றொன்றில் புதியது எழுதப்படுகிறது. புதியது சரிவரத் தொடங்காவிடில் போன் தானாகவே பழையதற்குத் திரும்பிவிடும். எல்லாப் போன்களிலும் இவ்வேற்பாடு இல்லை. ஆதலால் அப்டேட் நடக்கும்போது போதிய சார்ஜ் இருத்தல் வேண்டும், நடுவில் நிறுத்தவும் கூடாது. மின்வெட்டு வரும் நேரம் பார்த்து இதைத் தொடங்குவது விவேகமன்று.

விரல் ரேகையை ஏற்க மறுப்பது

அப்டேட் முடிந்ததும் போன் ஒரு முறை அணைந்து மீண்டும் எழும். அப்போது அது விரல் ரேகையையோ முகத்தையோ ஏற்றுக்கொள்வதில்லை. பின் எண்ணையோ, புள்ளிகளை இணைத்துப் போடும் பேட்டர்னையோதான் கேட்கும். போன் கெட்டுவிட்டதாகப் பலர் எண்ணுவது இவ்விடத்தில்தான். உண்மையில் இது பழுதே அன்று.

இதன் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்லுதல் அவசியம். போனிலுள்ள படங்களும் செய்திகளும் பிறர் படிக்க இயலாத குறியீடாக மாற்றி வைக்கப்பட்டுள்ளன. அவற்றை மீண்டும் படிக்கத் தக்கதாக்கும் சாவி, நாம் போடும் பின் எண்ணின் துணைகொண்டே உருவாகிறது. போன் அணைந்தவுடன் அச்சாவி மறைந்துவிடுகிறது. விரல் ரேகை என்பது களஞ்சியத்துக் காவற்காரன் போன்றது. ஆளை அடையாளம் கண்டு கதவைத் திறந்துவிடுவான். ஆனால் சாவி அவனிடம் இருந்தால்தானே? காலையில் ஒரு முறை எஜமானர் தம் கையால் சாவியைக் கொடுத்த பிறகே அவனால் திறக்க முடியும்.

இந்நிலையிலும் அழைப்புகள் வரும். ஆனால் அழைப்பவர் பெயர் தெரியாது. எண் மட்டுமே தெரியும். வாட்ஸ்அப் செய்தி வராது. பெயர்கள் அழிந்துபோயின என்று அஞ்ச வேண்டியதில்லை. சரியான எண்ணைப் போட்டதும் யாவும் முன்போலத் தோன்றும்.

அப்டேட் இல்லாமலும் இது நேரலாம். பல ஆண்ட்ராய்டு போன்கள், விரல் ரேகையையே பயன்படுத்தி வருவோரிடம் 72 மணி நேரத்துக்கு ஒரு முறையேனும் பின் எண்ணைக் கேட்கின்றன. மூன்று நாட்கள் தொடர்ந்து திறக்கப்படாமல் கிடக்கும் போன் தானாகவே அணைந்து எழும் ஏற்பாடு 2025ஆம் ஆண்டில் ஆண்ட்ராய்டில் சேர்க்கப்பட்டது. போனை வீட்டில் வைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய் நான்கு நாள் கழித்துத் திரும்பிய பாட்டியின் போன் விரலை ஏற்க மறுத்தால், பேரப் பிள்ளைகளை வைய வேண்டாம்.

இடர்ப்பாடு எங்கே வருகிறதெனில், ஆண்டுக்கணக்கில் விரலையே வைத்துப் பழகியவர்கள் பின் எண்ணை மறந்துவிடுகிறார்கள். அவ்வாறு மறந்தவர் மனம்போன போக்கில் எண்களைப் போட்டுப் பார்த்தல் கூடாது. ஐந்து முறை தவறினால் பொதுவாக 30 வினாடி காத்திருக்கச் சொல்லும். மேலும் தவறத் தவறக் காத்திருக்கும் நேரம் கூடிக்கொண்டே போகும். ஐபோனில் அதற்கென ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்தால், 10 முறை தவறியதும் உள்ளிருப்பவை யாவும் அழிந்துவிடும். போனை வைத்துவிட்டு அமைதியாக உட்கார்ந்து, எண்ணை வைத்துக் கொடுத்தவர் யார் என்று நினைவுகூர்தல் நலம். பெரும்பாலும் மகனோ பேத்தியோ வைத்த எண்ணாக இருக்கும். அவர்கள் சென்னையிலோ திருப்பூரிலோ வேலையில் இருந்தால், வேறொரு போனில் கூப்பிட்டுக் கேட்டால் காரியம் முடிந்தது. சிலருக்குத் தலை மறந்தாலும் கை மறவாது. கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போல் விரலை ஓட்டியதும் பேட்டர்ன் வந்துவிடுவதுண்டு.

சிம் கார்டின் பூட்டு இதனின்றும் வேறானது. திரையில் ‘சிம் பின்’ என்று கேட்டால் அது போனின் பூட்டு அன்று. அதில் மூன்று முறை தவறினால் ‘பக்’ எண் கேட்கும். அவ்வெண்ணைச் சிம் வழங்கிய நிறுவனத்தாரிடம் ஆதாரங்களைக் காட்டிப் பெறலாம். அதையும் 10 முறை தவறாகப் போட்டால் அந்தச் சிம் நிரந்தரமாக வீணாகும். எண் போகாது, புதிய சிம் வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

துடைத்த பின் விழும் இரண்டாம் பூட்டு

கிராமங்களில் பெரும் துன்பம் தருவது இதுதான். பின் எண் எவ்விதத்தும் நினைவுக்கு வராவிட்டால், போனை முழுவதும் துடைத்துப் புதிதாக்குவதே கடைசி வழி. ‘ஃபேக்டரி ரீசெட்’ என்பது அதன் பெயர். பழைய ஆண்ட்ராய்டு போன்களில், பேட்டர்னை மறந்தால் ஜிமெயில் கணக்கைப் போட்டுத் திறக்கும் வழி இருந்தது; 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து அவ்வழி மூடப்பட்டது. துடைத்தால் உள்ளே இருந்த படங்கள் போய்விடும். குறியீட்டின் சாவியே அழிந்துவிடுவதால், எந்த நிபுணராலும் அவற்றை மீட்க முடியாது.

துடைத்த போன் எழுந்தவுடன், ‘முன்பு இதில் இருந்த கூகுள் கணக்கைப் போடுக’ என்று கேட்கும். அல்லது முன்பு வைத்திருந்த பின் எண்ணைக் கேட்கும். 2015ஆம் ஆண்டில் ஆண்ட்ராய்டு 5.1 பதிப்புடன் வந்த பாதுகாப்பு இது. போனைத் திருடியவன் அதைத் துடைத்து விற்றுவிடலாகாது என்பதே இதன் நோக்கம். நல்ல நோக்கந்தான். ஆனால் போனுக்கு உரியவரே தம் கணக்கு இன்னதென்று அறியாதவராயிருந்தால் என் செய்வது?

ஒரு குடியானவரை எடுத்துக்கொள்வோம். நெல் விற்ற பணத்தில் டவுன் கடையில் போன் வாங்குகிறார். கடையிலிருக்கும் பையன் மிகுந்த உபகாரத்துடன் அங்கேயே ஒரு ஜிமெயில் கணக்கு உண்டாக்கி, தானே ஒரு பாஸ்வர்டும் வைத்து, பேரன் படத்தை முகப்பில் போட்டுக் கொடுத்துவிடுகிறான். மூன்று ஆண்டுகள் போன் நன்றாக ஓடுகிறது. ஒரு நாள் அப்டேட் ஆகிறது, பின் எண் கேட்கிறது, தெரியவில்லை. துடைக்கிறார்கள். கணக்கைக் கேட்கிறது, அதுவும் தெரியவில்லை. கடையைத் தேடிப் போனால் அந்தப் பையன் வேறு ஊருக்குப் போய்விட்டான். 12,000 ரூபாய்ப் பொருள் கையில் கல்லாகக் கிடக்கிறது. தம் வீட்டுக்குத் தாமே திருடனாக நிற்பது போன்ற நிலை இது.

இதற்குப் பரிகாரம் உண்டு. பாஸ்வர்டு மட்டும் மறந்து, கணக்கின் பெயர் தெரிந்திருந்தால், வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்தில் புதிய பாஸ்வர்டு கேட்கலாம். கணக்குடன் இணைத்த செல்போன் எண்ணுக்குக் குறியீடு வரும். அந்த எண் நம் கையில் இருத்தல் வேண்டும். பல மாதங்கள் பயன்படுத்தாமல் விட்ட எண் வேறொருவருக்குப் போய்விடுவதை மறவற்க. பாஸ்வர்டை மாற்றிய பின் அதே நாளில் போனைத் துடைக்காமல் 24 மணி நேரம் பொறுக்கும்படி கூகுள் கூறுகிறது. கணக்கின் பெயரே தெரியாவிடில், வாங்கிய பில்லுடன் அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் நிலையத்துக்குச் சென்று விண்ணப்பிக்க வேண்டும். பில்லைப் பத்திரப்படுத்துவதன் அருமை அன்றுதான் தெரியும். தவணையில் வாங்கிய போனில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயருடன் பூட்டு விழுந்தால், அது தவணை பற்றிய விஷயம். துடைப்பதால் அது நீங்காது. அந்நிறுவனத்தாரிடமே பேச வேண்டும்.

போனை விற்கவோ மருமகனுக்குக் கொடுக்கவோ எண்ணுவோர், முதலில் போனைத் திறந்து, ‘செட்டிங்ஸ்’ பகுதியில் தம் கணக்கை நீக்கிவிட்டு, அங்கிருந்தே துடைத்தல் வேண்டும். பழைய போன் வாங்குவோரும், விற்பவர் இதைத் தம் கண்ணெதிரே செய்தாரா என்று பார்த்துப் பணம் கொடுப்பது நல்லது.

பூட்டு இல்லாமலே முரண்டு பிடித்தல்

இனிப் பூட்டு இல்லாத கோளாறுகளைப் பார்ப்போம். அப்டேட் ஆன பிறகு ஓரிரு நாட்கள் போன் சூடாவதும் சார்ஜ் சீக்கிரம் இறங்குவதும் இயல்பு. உள்ளே செயலிகள் ஒழுங்குபடுத்தப்படுகின்றன, தானே அடங்கிவிடும். திரை உறைந்து நின்றால், பவர் பட்டனையும் ஒலியைக் குறைக்கும் பட்டனையும் ஒருசேர 10 முதல் 20 வினாடி வரை அழுத்தினால் பெரும்பாலான போன்கள் அணைந்து எழும். இதனால் உள்ளிருப்பவை அழியா. நிறுவனத்தின் பெயர் தோன்றும் திரையிலேயே போன் நின்றுவிட்டால், முழு சார்ஜ் ஏற்றிவிட்டு மீண்டும் இதைச் செய்து பார்க்கலாம். அங்குத் தோன்றும் ஆங்கிலப் பட்டியலில் ‘கேஷ்’ என்பதைத் துடைத்தால் தற்காலிகக் குறிப்புகள் மட்டுமே போகும். ‘டேட்டா’ என்பதைத் துடைத்தால் எல்லாம் போகும். இரண்டும் பல போன்களில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. எழுத்துப் புரியாதவர் அப்பட்டியலில் கைவைக்கலாகாது.

ஒரு செயலி மட்டும் திறந்தவுடன் மூடிக்கொண்டால், குற்றம் போனில் இல்லை. 2021 மார்ச் மாதத்தில் உலகெங்கும் ஆண்ட்ராய்டு போன்களில் ஜிமெயில் முதலிய செயலிகள் திடீரென்று மூடிக்கொண்டன. வெப்வியூ என்னும் உட்பகுதியின் புதிய பதிப்பில் நேர்ந்த பிழையே காரணம். கூகுள் நிறுவனம் விரைவில் திருத்திய பதிப்பை வெளியிட்டது. பிளே ஸ்டோரில் வெப்வியூ, குரோம் ஆகிய இரண்டையும் புதுப்பித்தவர்களுக்குச் சரியாயிற்று. அன்று அவசரப்பட்டுப் போனைத் துடைத்தவர்கள் வீணாகப் படங்களை இழந்தனர். இத்தகைய சமயத்தில் அக்கம்பக்கத்தில் விசாரித்து, பலருக்கும் அப்படியே என்று தெரிந்தால், ஒரு நாள் பொறுத்திருப்பதே சிறந்த வைத்தியம்.

2025 ஆகஸ்டு மாதத்தில் வேறொரு வேடிக்கை நடந்தது. நம் நாட்டில் பலருடைய போன்களில் அழைப்பு வரும்போது தோன்றும் திரை சொல்லாமல் கொள்ளாமல் மாறிவிட்டது. அழைப்பை எடுக்கும் விதமும் மாறியது. யாரோ புகுந்துவிட்டார்கள் என்று அஞ்சினவர்கள் பலர். கூகுள் தன் போன் செயலியின் தோற்றத்தை மாற்றியதே உண்மை. அச்செயலிக்கு வந்த அப்டேட்டை மட்டும் நீக்கிப் பழைய தோற்றத்துக்குத் திரும்பியவர் உண்டு, பழகிக்கொண்டவரும் உண்டு. வயதானவர்களைக் கேளாமல் இவ்வாறு மாற்றுவது முறைதானா என்று இக்கட்டுரையாளருக்கு ஐயமுண்டு.

போன் திடீரென்று பேசத் தொடங்கி, ஒரு முறை தொட்டால் கேளாமல் இருமுறை தட்டினால்தான் கேட்கிறது என்றால், கண் பார்வை இல்லாதோருக்கான ‘டாக்பேக்’ ஏற்பாடு தவறுதலாக இயங்கிவிட்டது என்று பொருள். ஒலியைக் கூட்டும் பட்டன், குறைக்கும் பட்டன் இரண்டையும் சேர்த்து மூன்று வினாடி அழுத்தினால் பெரும்பாலும் நின்றுவிடும். இதற்காக 300 ரூபாய் வாங்கும் கடைகளும் இருக்கக்கூடும்!

அப்டேட் பாதியில் நின்றுபோவதற்கு இடமின்மை பெருங்காரணம். தினந்தோறும் வந்து குவியும் ‘காலை வணக்கம்’ படங்களை நீக்கினாலே போதிய இடம் கிடைக்கும். பூக்களும் சூரியோதயமும் நாளையும் வரும்.

ரிப்பேருக்குக் கொடுக்கு முன்

போன் திறக்காவிட்டாலும் அரசாங்க உதவி நின்றுவிடாது. ஓ.டி.பி. எண் வருவது சிம் கார்டுக்கே அன்றிப் போனுக்கன்று. சிம்மைக் கழற்றி, பட்டன் வைத்த சாதாரணப் போனில் போட்டாலும் எண் வரும். அதைக் கொண்டு இ-சேவை மையத்தில் காரியத்தை முடித்துக்கொள்ளலாம். பணமும் போனுக்குள் இல்லை, வங்கியில் இருக்கிறது. வேறு ஸ்மார்ட்போனில் அதே சிம்மைப் போட்டு யு.பி.ஐ. செயலியை மறுபடி பதிவு செய்துகொண்டால் போதும். ஆகவே, ரிப்பேருக்குக் கொடுக்கு முன் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி வைத்துக்கொள்க. கடைக்காரரிடம், ‘என்னைக் கேளாமல் துடைக்க வேண்டாம்’ என்று சொல்லி, அதை ரசீதிலும் எழுதச் செய்க. வங்கியின் பின் எண்ணையோ யு.பி.ஐ. எண்ணையோ எவரிடமும் சொல்லலாகாது.

அப்டேட்டுக்குப் பின் திரையில் நிறக் கோடுகள் தோன்றியபோது, சில நிறுவனங்கள் குறிப்பிட்ட மாடல்களுக்கு இலவசமாகத் திரை மாற்றிக் கொடுத்ததுண்டு. ஆதலால் வெளிக் கடையில் பிரிக்கு முன் நிறுவனத்தின் நிலையத்தில் கேட்டறிதல் வேண்டும். நியாயம் கிடைக்காவிடில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் முறையிடலாம்.

அப்டேட் என்ற பெயரில் வரும் மோசடியைத் தனியே சொல்ல வேண்டும். பி.எம். கிசான் என்றும், வாகன அபராதம் என்றும், வங்கிச் செயலியின் புதிய பதிப்பு என்றும் வாட்ஸ்அப்பில் ‘ஏ.பி.கே.’ என முடியும் கோப்புகள் வருகின்றன. தொட்டு நிறுவியவரின் குறுஞ்செய்திகளை அவை திருட்டுத்தனமாகப் படித்து, ஓ.டி.பி. எண்ணை வேறொருவனுக்கு அனுப்பிவிடும். உண்மையான அப்டேட் பிளே ஸ்டோரிலோ போனின் ‘செட்டிங்ஸ்’ பகுதியிலோதான் வரும். கடிதம்போல் ஒருவர் அனுப்பி வருவதில்லை. தவறிப்போய் நிறுவியவர் உடனே இணையத்தைத் துண்டித்து, வங்கிக்குச் சொல்லி, 1930 என்ற எண்ணில் புகார் செய்தல் வேண்டும். இதில் மட்டும் பொறுமை கூடாது. மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இதில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அன்று மேல் வகுப்பு மாணவர் நால்வரை ஒரு பெஞ்சில் உட்கார வைக்கலாம். வருகிறவரின் போனில் உள்ள கூகுள் கணக்கின் பெயர் இன்னதென்று காட்டி, அதை அவரே ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் செய்ய வேண்டும். அதனுடன் இணைந்திருக்கும் செல்போன் எண் இப்போது அவர் வைத்திருப்பதுதானா என்று பார்த்து, இல்லையெனில் மாற்றச் சொல்ல வேண்டும். *#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணையும் அத்தாளில் குறித்துக்கொண்டால், போன் திருட்டுப் போனபோது உதவும். பாஸ்வர்டை மட்டும் அவர் வீட்டுக்குப் போய்த் தம் கையால் எழுதி, பட்டாவுடன் வைத்துக்கொள்ளட்டும். எழுதத் தெரியாதவருக்கு அவர் நம்பும் பிள்ளை ஒருவர் எழுதிக் கொடுக்கலாம். மாணவர்களோ உறுப்பினர்களோ அதைக் கேட்கவும் கூடாது; பஞ்சாயத்துப் புத்தகத்தில் குறித்து வைக்கவும் கூடாது.